வாசகர் கேள்வி பதில்: அடுத்து எந்தச் சரித்திர நாவல்?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சரித்திர நாவல்களைச் சுற்றியே இருந்தன. சினிமா, அரசியல் கேள்விகள் அனுப்பியவர்கள் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் முடித்துவிட்டேன். அதற்கப்புறம் எதை எடுத்தாலும் இருபது பக்கம் தாண்டவில்லை. அடுத்து என்ன படிக்கலாம்?
– கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் ஒரு பட்டியல் கிடைக்கும். சிவகாமியின் சபதம், கடல் புறா, யவன ராணி, வேங்கையின் மைந்தன், உடையார் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். பட்டியலில் தப்பே இல்லை. ஆனால் அந்த ஐந்து பாகத்தில் உங்களுக்கு எது பிடித்தது என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், அதைக் கேட்காமல் சிபாரிசு செய்தால் இருபதாம் பக்கத்தில் நிற்கத்தான் செய்யும்.

வந்தியத்தேவன் எங்கே போனாலும் வம்பில் மாட்டிக்கொண்டு தப்பிப்பது பிடித்திருந்தால் நேராக சாண்டில்யனிடம் போங்கள். 'கடல் புறா'வில் கருணாகரத் தொண்டைமான் கப்பலேறி கடாரம் பக்கம் போகிற பகுதிகளில் இருக்கிற வேகம் இன்றைக்கும் குறையவில்லை. எல்லாரும் அதையே சொல்வதால் 'ஜல தீபம்' கொஞ்சம் மறைந்து கிடக்கிறது. மராத்தியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரேயை வைத்து எழுதியது, தமிழில் அந்தக் களத்தைத் தொட்டவர்கள் வேறு அதிகமில்லை.

சோழர் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு அடுத்த தலைமுறை என்ன ஆனது என்று தெரிய வேண்டுமா? அகிலனின் 'வேங்கையின் மைந்தன்', ராஜேந்திரன் கதை, 1963-இல் சாகித்திய அகாடமி விருது பெற்றது. கல்கியின் குறும்பு இதில் கிடைக்காது, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். தஞ்சைப் பெரிய கோயிலை எப்படித்தான் கட்டியிருப்பார்கள் என்கிற ஆச்சரியம் உங்களுக்கு இருந்தால் பாலகுமாரனின் 'உடையார்'. ஆறு பாகம். அரசனைவிட கல் இழுக்கிறவர்கள், சிற்பிகள், ஆடல் மகளிர், அவர்களுக்குள் நடக்கிற போட்டி பொறாமை, இதெல்லாம்தான் அதில் உயிரோடு இருக்கிறது. நடுவில் உபதேசம் நீளும், பொறுமை வேண்டும்.

கடைசியாக, யார் யாரை நம்புவது, ஓலையில் என்ன எழுதியிருக்கும், எந்தக் கதவுக்குப் பின்னால் யார் ஒட்டுக்கேட்கிறார்கள் என்கிற அந்த அரண்மனைப் பதற்றம்தான் உங்களைப் பிடித்து வைத்தது என்றால், சோழ நாட்டை விட்டே வெளியே வந்துவிடுங்கள். பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' எடுங்கள். 18-ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரி, பிரெஞ்சுக்காரர் ஆட்சி. கவர்னர் டூப்ளேவுக்கு துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கி சாகும்வரை, அதாவது 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, யார் யாருக்கு என்ன வெகுமானம் கொடுத்தார்கள், யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் குறிப்புகளின் மேல் எழுந்த நாவல் இது. கத்தி உருவுகிற காட்சிகள் குறைவு, ஆனால் ஒரு அதிகாரியின் முகம் கோணினால் ஒரு குடும்பமே கலங்குகிற காட்சிகள் நிறைய. இதன் தொடர்ச்சியான 'வானம் வசப்படும்' நாவலுக்குத்தான் 1995-இல் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. விருதைப் பார்த்து இரண்டாவதை முதலில் எடுத்துவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். 'பொன்னியின் செல்வன்' முடித்த சூட்டிலேயே அதன் தொடர்ச்சியாக வேறொருவர் எழுதியதைத் தேடிப் போகாதீர்கள். விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி' நல்ல வாசிப்புதான், ஆனால் கல்கியின் குரல் காதில் இருக்கும்போது படித்தால் பாவம், அவருக்கு நியாயம் கிடைக்காது. ஆறு மாதம் கழித்துப் படியுங்கள்.

கேள்வி: நந்தினி உண்மையிலேயே இருந்தாளா? ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? 'பொன்னியின் செல்வன்' நாவலில் எவ்வளவு நிஜம்?
– பெயர் போட வேண்டாம் என்று எழுதியிருக்கும் வாசகர்

பதில்: நந்தினி கல்கியின் கற்பனை. பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் இருவரும் அப்படித்தான். வந்தியத்தேவனுக்கு ஆதாரம் இருக்கிறது, ஆனால் ரொம்பக் கொஞ்சம்: தஞ்சைக் கல்வெட்டு குந்தவையை 'வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்', அதாவது அவர் மனைவி என்கிறது. அந்த ஒரு வரியிலிருந்துதான் குதிரை, குறும்பு, காதல், பசி, வாய்த்துடுக்கு எல்லாம் வந்தது. பழுவேட்டரையர் என்ற குறுநில மன்னர் குலம் நிஜம். அன்பில் அநிருத்த பிரம்மராயரும் நிஜம், செப்பேடே இருக்கிறது.

ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனின் கொலைக்கு வருவோம். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. 'பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள்' என்று சொல்லி சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று சகோதரர்களின் பெயரைக் கொடுக்கிறது. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்று பட்டம் வேறு இருந்திருக்கிறது. அதாவது ஊர் பேர் தெரியாத ஆட்கள் இல்லை, அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்தவர்கள். கல்வெட்டின் வேலை அவர்கள் சொத்தை என்ன செய்வது என்று சொல்வது. அவர்கள் சொத்து மட்டுமில்லை, பிள்ளைகள், மாமன்மார், அவர்கள் வீட்டுப் பெண்ணைக் கட்டியவர்கள் வரைக்கும் இழுத்துவிட்டிருக்கிறார்கள். படித்தால் வயிற்றைக் கலக்கும். ஏன் கொன்றார்கள் என்று மட்டும் ஒரு வார்த்தை கிடையாது.

இங்கேதான் நாவலாசிரியனுக்கு இடம் கிடைக்கிறது. கொலை நடந்தது 969 வாக்கில். ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985. நடுவில் உத்தம சோழன் ஆண்டிருக்கிறார். இத்தனை வருஷம் இந்த நடவடிக்கை ஏன் வரவில்லை? நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. வரலாற்றுக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்த இடைவெளியில்தான் கல்கி நந்தினியைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். இன்னொன்று, கதை தொடங்குவது வீராணம் ஏரிக்கரையில், ஆடிப் பெருக்கன்று, குதிரை மேல் வந்தியத்தேவன். உடையார்குடி அதே ஏரியின் தென்கோடிப் பக்கம். குற்றவாளிகள் பெயர் பொறித்த கல்லுக்கு அருகிலேயே கதையைத் தொடங்கிவிட்டு, அதைப் பற்றி மூச்சுவிடாமல் நம்மை ஐந்து பாகம் சுற்றவிட்டிருக்கிறார் மனிதர்!

எது நிஜம், எது கற்பனை என்று ஐந்தாம் பாகத்தின் முடிவுரையில் அவரே பேசுகிறார். பலர் கதை முடிந்ததும் மூடி வைத்துவிடுகிறார்கள். அதையும் படித்துவிட்டு, இன்னும் ஆசை இருந்தால் பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்'. வரலாற்றுப் புத்தகம்தான், ஆனால் தெளிவான தமிழ்.

கேள்வி: சரித்திர நாவலில் வர்ணனைகளைத் தாண்டிவிட்டுப் படிக்கிறேன். தப்பா?
– ஒரு வாசகர்

பதில்: தாராளமாகத் தாண்டுங்கள். இவையெல்லாம் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தவை. போன வாரம் படித்தவர் மறந்திருப்பார் என்று சுருக்கமாக மறுபடி சொல்வார்கள், அத்தியாயக் கடைசியில் யாராவது ஒரு கை இருட்டில் நீண்டாக வேண்டும், நடுவில் நாயகியின் அழகுக்கு ஒரு பக்கம். ஒரே மூச்சில் புத்தகமாகப் படிக்கும்போது அலுக்கத்தான் செய்யும். நாளைக்கு நாலைந்து அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் அந்த அலுப்பு பாதியாகும். நிலவர்ணனையை மட்டும் விடாதீர்கள், பின்னால் தப்பித்து ஓடும்போது அந்த வழி தேவைப்படும்.

கேள்வி: எங்கள் பையனுக்கு எட்டாம் வகுப்பு முடியப்போகிறது. எந்தச் சரித்திர நாவலில் ஆரம்பிக்கலாம்?
– ஓர் அம்மா

பதில்: 'பார்த்திபன் கனவு'. ஒரே புத்தகம், அளவும் கைக்கு அடக்கம், மர்மமும் இருக்கிறது. கல்கி இதைத்தான் 'சிவகாமியின் சபத'த்துக்கு முன்னால் எழுதினார், ஆனால் கதைப்படி இது பின்னால் நடப்பது. எந்த வரிசையிலும் படிக்கலாம், குழப்பம் வராது. கதையில் வருகிற சிவனடியார் யார் என்பதை அவன் நடுவிலேயே கண்டுபிடித்துவிட்டு உங்களிடம் பெருமையடிப்பான். தெரியாத மாதிரி இருங்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கிறார்கள், சுருக்கப் பதிப்புகளும் உண்டு. உள்ளே ஒரு தடவை புரட்டிப் பார்த்து முழுப் பதிப்பா என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

கேள்வி: சரித்திர நாவல் என்றாலே ராஜா, இளவரசி, சதி, வாள்தானா? சாதாரண ஜனங்களுக்குச் சரித்திரமே கிடையாதா? தமிழில் அப்படி யாரும் எழுதவில்லையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: எழுதியிருக்கிறார்கள் ஐயா, நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் கடைகளில் சரித்திர நாவல் அலமாரியில் அவற்றை வைக்க மாட்டார்கள், 'இலக்கியம்' என்ற அலமாரிக்குப் போய்விடும். அட்டையில் கிரீடம் இல்லையென்றால் சரித்திரம் இல்லை என்று நம்மவர்களுக்கு ஒரு எண்ணம்.

சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' மதுரையின் கதை. ஆட்சிகள் வரும், போகும், ஆனால் நாவல் கண்ணை வைத்திருப்பது தாதனூர் என்கிற ஊர்க்காரர்கள் மேல். இரவில் களவுக்குப் போகிறவர்களும் அவர்கள்தான், ஊர்க்காவல் பார்க்கிறவர்களும் அவர்கள்தான். வெள்ளைக்காரன் போலீஸ், சட்டம், கைரேகை என்று வந்தபோது அந்தக் காவல் முறை எப்படி நொறுங்கியது என்பதை இவ்வளவு விரிவாக வேறெங்கும் படித்ததில்லை. களவுக்குப் போகிற இரவுகளை எழுதியிருக்கும் விதம் இருக்கிறதே, இருட்டு, மண்சுவர், கன்னக்கோல், மூச்சுச் சத்தம், போர்க்கள வர்ணனை எல்லாம் அதன் முன்னால் நிற்காது.

பூமணியின் 'அஞ்ஞாடி' கரிசல் மண்ணில் நடக்கிறது. 1895 கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கலவரமும் அதில் வருகின்றன. பூமணி யார் பக்கமும் நின்று கூச்சல் போடுவதில்லை. சம்சாரி (விவசாயி) வீட்டு விடியல், பஞ்சம், விளையாட்டு, கெட்ட வார்த்தை என்று போய்க்கொண்டே இருக்கும் வாழ்க்கைக்குள் கலவரம் வந்து விழுகிறது. வட்டார வழக்கு முதலில் திணறவைக்கும், வாய்விட்டுப் படித்தால் வழி கிடைத்துவிடும்.

ஜெயமோகனின் 'வெள்ளை யானை' அளவில் சின்னது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தின் பின்னணி. சென்னையில் ஐஸ் ஹவுஸ் என்று இன்றும் சொல்கிறோமே, அங்கே அமெரிக்காவிலிருந்து கப்பலில் பனிக்கட்டி வந்து இறங்கும். ஜனங்கள் சாலையோரம் பட்டினியில் செத்துக்கொண்டிருக்கும்போது துரைமார்களின் கோப்பைக்குப் பனிக்கட்டி. அதைச் சுமக்கிறவர்களின் கதை, ஒரு ஐரிஷ் அதிகாரியின் கண் வழியாக. 'எரியும் பனிக்காடு' இன்னொன்று, ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆசை காட்டி அழைத்துப் போகப்பட்ட கூலிகள். ஆங்கிலத்தில் பி.எச். டேனியல் எழுதியது, இரா. முருகவேள் மொழிபெயர்ப்பு. டேனியல் அந்தத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்தவர் என்பதால் காய்ச்சல், பேதி, சாவு எல்லாம் அத்தனை துல்லியம்.

நீங்கள் ஆசிரியராக இருந்தவர் என்பதால் ஒரு வேண்டுகோள். இந்த நாவல்களை 'மன்னர் கதைகளை விட உயர்ந்தவை' என்று சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். அப்படிச் சொன்னாலே ஓடிவிடுவார்கள்.

கேள்வி: நெருங்கிய தோழிக்குக் 'காவல் கோட்டம்' பரிசு கொடுத்தேன். ஐம்பது பக்கத்தில் மூடிவிட்டாள். அவளுக்கு ரசனை இல்லையா, எனக்குப் பரிந்துரைக்கத் தெரியவில்லையா?
– ஒரு வாசகி

பதில்: ஆயிரம் பக்கத்துக்கு மேலே இருக்கிற புத்தகத்தைப் பரிசு என்று கொடுத்தால் வாங்குகிறவர்களுக்கு அது பரிசு மாதிரியா இருக்கும், வீட்டுப்பாடம் மாதிரி இருக்கும்! ரசனையை விடுங்கள். தடிமனான நாவலைச் சொல்லும்போது, எங்கே கஷ்டம், எங்கே கதை பிடித்துக்கொள்ளும் என்பதைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். 'ஆரம்பத்தில் பெயராகக் குவியும், நூற்றாண்டுகள் மளமளவென்று ஓடும், எல்லாவற்றையும் நினைவில் வைக்காதே, தாதனூர் ஆட்கள் பேச ஆரம்பித்ததும் நீயாகவே உட்கார்ந்துவிடுவாய்.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. 'மாஸ்டர்பீஸ்', 'படிக்காமல் இருக்கவே கூடாது' இதெல்லாம் வேண்டாம், பிடிக்காமல் போனால் அவர்கள் உங்களிடம் உண்மையைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். உங்கள் தோழி மூடி வைத்ததைச் சொல்லிவிட்டார் பாருங்கள், அது நல்ல நட்பு. அடுத்து 'வெள்ளை யானை' கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ராஜராஜன் காலத்தை வைத்து ஒரு நாவல் எழுத ஆரம்பித்திருக்கிறேன். தகவல் பிழை வராமல் இருக்க என்ன செய்வது?
– ஐ.டி. துறையில் வேலை பார்க்கும் இளைஞர்

பதில்: வாழ்த்துகள். முதல் வேலை, அடுப்பங்கரையைச் சோதனை போடுங்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, கொய்யா, புகையிலை, இதெல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, போர்ச்சுகீசியர் வந்ததற்கு அப்புறம்தான் இந்தப் பக்கம் வந்தது. உங்கள் சோழ வீரன் காரத்துக்கு மிளகைத்தான் கடிக்க வேண்டும். அடுத்தது கோபுரம். வானளாவிய வாசல் கோபுரங்கள் பெரும்பாலும் பின்னால் வந்தவை, ராஜராஜன் காலத்தில் உயரம் கருவறைக்கு மேலே, விமானத்தில்தான். தஞ்சை விமானமே 1010-இல்தான் முடிந்தது, 990-இல் நடக்கிற காட்சியில் வீரன் அதைப் பார்த்துக் கும்பிட்டால் முடிந்தது கதை. நேரத்துக்கு நாழிகை, ஒரு நாளைக்கு 60, அதாவது 24 நிமிஷம் ஒரு நாழிகை. குதிரைக்கும் கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள். ஒரே குதிரை, நாள் முழுக்க, ஐம்பது அறுபது கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். காஞ்சியில் மாலை ஏறி தஞ்சையில் விடியலில் இறங்குகிற வீரர்கள் நம் நாவல்களில் ஏராளம், அந்தக் கூட்டத்தில் நீங்களும் சேராதீர்கள்.

ஆனால் பிழை பார்ப்பது மட்டும் நாவல் ஆகாது. தஞ்சைக் கோயில் கல்வெட்டில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொருத்திக்கும் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு, எல்லாம் பொறித்திருக்கிறார்கள். ஒருத்திக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல். அவளுக்குப் பிறகு அந்தப் பங்கு யாருக்கு என்பது வரைக்கும் ஏற்பாடு. அதே கல்வெட்டில் நட்டுவர், குடை பிடிப்பவர், விளக்கு ஏற்றுபவர், நாவிதர், தையற்காரர் எல்லாரும் கூலியோடு வருகிறார்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது, பெரிய நூலகங்களில் கிடைக்கும். ஆரூரிலிருந்தோ ஐயாற்றிலிருந்தோ கிளப்பி, புதுக் கோயில் தெருவில் ஒரு வீட்டைக் கொடுத்து, நெல்லையும் அளந்துவிட்டார்கள். அவள் வர விரும்பினாளா? பக்கத்து வீட்டுக்காரி வேறு ஊர்க்காரி, ஒத்துப்போனார்களா? கல்வெட்டு சொல்லாது. நீங்கள் அங்கே ஆரம்பியுங்கள், ராஜராஜன் நாற்பதாம் பக்கத்தில் வந்தால் போதும்.

கேள்வி: தமிழின் முதல் சரித்திர நாவல் எது?
– போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகர்

பதில்: 1895-இல் வந்த 'மோகனாங்கி'. எழுதியவர் திருகோணமலையைச் சேர்ந்த சரவணமுத்துப்பிள்ளை. நாயக்கர் காலக் கதை. தேர்வுக்கு இது போதும்.

கேள்வி: பட்டியல் வேண்டாம். நேரமில்லை. ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
– அவசரத்தில் இருக்கும் வாசகர்

பதில்: ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப்போர், சுமத்ரா, பினாங்கு, அங்கே வட்டிக்கடையில் வேலை பார்த்த நம்மூர் இளைஞர்கள். மெடான் தெருவில் ஜப்பானியப் படை நுழைவதைக் கூட்டம் நின்று வேடிக்கை பார்ப்பதில் தொடங்குகிறது. சிங்காரம் அந்த ஊரில் இருந்தவர், அதனால் இது சரித்திர நாவலே இல்லை என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். படித்து முடித்தபின் நீங்களும் அந்தச் சண்டையில் சேர்ந்துகொள்ளலாம், கடிதம் வந்தால் அடுத்த இதழில் போடுகிறேன்.